பேர் சொல்லும் பிள்ளைகள்

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பது பழமொழி. சொல்பவர்கள் அதனைப் பாராட்டாகவே சொல்கின்றனர். ஆயினும், அந்தப் புலிக்குட்டியின் மனநிலையை யாரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. சிறிய அளவில் நானும் அத்தகையதொரு குட்டியாய் வளர்ந்தவனாதலால், அதனை ஓரளவு அறிவேன்.

என் தந்தையார் கணக்காசிரியர்; கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர். அவர் பணிபுரிந்த பள்ளியிலேயே நானும் பயின்றேன். எங்கள் வகுப்புக்குக் கணக்குக் கற்பித்தவர் வேறோர் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வில் நான் பெற்ற மதிப்பெண் 31. விடைத்தாள் கொடுக்கும் வேளையில், அந்த ஆசிரியர் என் தாளை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்து, "இது யார் வீட்டுப் பிள்ளையின் தாள், தெரிகிறதா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி வினவினார். எல்லோரும் சிரித்தனர். என்னினும் குறைவாக வாங்கியவர்கள் நால்வர் இருந்தனர். அவர்களுடைய தாள்கள் அவ்வளவு உயரம் ஏறவில்லை!

அன்று மாலை தந்தையார் அந்தத் தாளை விளக்கருகே வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐந்தாம் கணக்கின் கீழ்ப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, "இதை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பார்" என்றார். அவ்வளவுதான். ஆயினும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நெடுநேரம் வாளா அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அன்று முதல், புகழ் பெற்றோருடைய மக்களைப் பற்றிய செய்தி எதுவாயினும் நின்று கவனிப்பது என் வழக்கமாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர் ஒற்றையர் படகுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலந்து என்று நாம் வழங்கும் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கரோலீன் ஃபுளோரைன் என்னும் இருபத்தாறு வயது மங்கை முதலில் வந்து தங்கப் பதக்கம் பெற்றார். அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்லிய அடுத்த மூச்சிலேயே அவருடைய தந்தையின் பெயரையும் சொன்னார். என் காதில் அந்தப் பழைய வகுப்பறையின் சிரிப்பொலி மீண்டும் கேட்டது. 'இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை? அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இவ்வளவு தொலைவு எவ்வாறு படகு வலித்தாள்?' என்று அறிய விரும்பினேன். அவ்வாறு தேடிப் படித்தறிந்தவற்றுள் சிலவற்றையே இங்கே சொல்கிறேன்.

கரோலீன் 1998-ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் பிறந்தவர். ஹாலந்து, நீரோடு ஓயாது போராடி நிலம் பெற்ற நாடு. அதன் பரப்பில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்தினும் தாழ்ந்தது. கரையும் அணையும் இல்லையேல் அந்நிலப்பகுதியை நீர் கொண்டுபோய்விடும். லெய்டன், பழைய ரைன் ஆற்றின் கரையில் கால்வாய்கள் ஊடறுத்தோடும் ஊர். ஓவியர் ரெம்பிராண்ட் 1606-இல் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூருக்கும் படகுக்கும் உள்ள உறவைக் கூறும் வரலாறு ஒன்று உண்டு. 1574-ஆம் ஆண்டில் ஸ்பானியப் படை லெய்டனை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே உணவு தீர்ந்து மக்கள் மடியலாயினர். மீட்க வந்தவர்களுக்கோ தரைவழி அடைபட்டிருந்தது. அப்போது அந்நாட்டார் செய்ததைக் கேளுங்கள். பல தலைமுறைகளாகப் பாடுபட்டுக் கட்டிய அணைகளைத் தம் கைகளாலேயே உடைத்து, விளைநிலங்களின் மீது வெள்ளத்தை வரவிட்டனர். வாரக்கணக்கில் நீர் போதிய அளவு ஏறவில்லை. பின்னர்ப் புயற்காற்று வீசி வெள்ளத்தை ஊரை நோக்கித் தள்ளிற்று. அடிப்பாகம் தட்டையான படகுகள் வயல்களின் மேல் மிதந்து வந்தன. பகைவர் பின்வாங்கினர். அக்டோபர் 3-ஆம் நாள் படகுகள் கொண்டுவந்த வெள்ளை ரொட்டியையும் ஹெரிங் மீனையும் பசித்த மக்கள் உண்டனர். இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் லெய்டன் மக்கள் அவ்வுணவை உண்டு அந்நாளைக் கொண்டாடுகின்றனர். இத்தகைய ஊரில் பிறந்த குழந்தை படகைக் கண்டு வியப்படைவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால், வியப்பு வேறு, வெற்றி வேறு. பந்தயப் படகு வலித்தல் என்பது கரையில் நின்று காண்பவர்க்கு எளிதாகத் தோன்றும் கடுந்தொழில். ஒற்றையர் படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளம் உடையது. அகலமோ, ஒருவர் அமர்வதற்கே அளந்து செய்ததுபோல் மிகக் குறுகியது. எடை 14 கிலோவுக்குக் குறையலாகாது என்பது விதி. சற்றுச் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். அதில் உள்ள இருக்கை சிறு உருளைகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். கால்கள் மட்டும் ஒரு பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். துடுப்பைக் கைகள் வலிக்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் முதலில் உதைப்பவை கால்கள், பிறகு முதுகு, கடைசியாகவே கைகள். ஒற்றையர் போட்டியில் 2,000 மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் இருநூறு முறைக்கு மேல் இவ்வாறு வலிக்க வேண்டும். ஏழு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஏழு நிமிடங்களுக்காகப் பல்லாண்டு விடியற்காலை உறக்கத்தை விற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல மறந்தேன். இவ்விளையாட்டில் வலிப்பவர் தாம் சேரவேண்டிய எல்லைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருக்கிறார். புறப்பட்ட இடந்தான் கண்ணுக்குத் தெரிகிறது. போய்ச் சேரும் இடம் தெரிவதில்லை. முன்னே செல்பவர் பின்தங்கியவர் அனைவரையும் பார்க்கலாம். பின்தங்கியவர் தம்மை முந்தியவரைப் பார்ப்பதற்குத் தலையைத் திருப்ப வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

கரோலீனுடைய தந்தை ரொனால்ட் ஃபுளோரைன், 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இருவர் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். அவருடைய துணைவர் நிக்கோ ரீங்க்ஸ். இருவர் படகில் ஒவ்வொருவருக்கும் இரண்டு துடுப்புகள். ஒருவருடைய துடுப்பு நீரில் இறங்கும் அதே கணத்தில் மற்றவருடையதும் இறங்க வேண்டும். இம்மி பிசகினும் படகு தயங்கும். ஸ்விட்சர்லாந்து வீரர்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி இவர்கள் வென்றனர். அடுத்த ஒலிம்பிக் 1992-இல் பார்சிலோனாவில் நடந்தது. ரீங்க்ஸ் வேறொரு துணைவரோடு வெண்கலம் பெற்றார். ரொனால்ட் பதக்கமின்றித் திரும்பினார்.

புகழின் உச்சியைக் கண்டவர் வெறுங்கையோடு வீடு திரும்பினால், பெரும்பாலும் படகைக் கரையேற்றிவிட்டு, பழைய பதக்கத்தைப் பேழையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ரொனால்ட் அவ்வாறு செய்யவில்லை. 1996-இல் அட்லாண்டாவில் எண்மர் படகில் அவரும் ரீங்க்ஸும் மீண்டும் ஒன்றாக அமர்ந்தனர். எண்மர் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு. அதனை இரு கைகளாலும் பற்றி ஒரு பக்கமாகவே வலிக்க வேண்டும். ஒன்பதாமவர் சுக்கான் பிடிப்பவர். அவர் ஒருவர் மட்டுமே முன்னோக்கி அமர்ந்து எல்லையைப் பார்க்கிறார். மற்றையோர் அவர் குரலை நம்பி வலிக்கின்றனர். இரட்டைத் துடுப்பில் உலகை வென்ற ஒருவர், முப்பத்தைந்தாம் வயதில் ஒற்றைத் துடுப்போடு எண்மரில் ஒருவராக அமர்ந்தார். தம் வேகம் தனியே தெரியாத இடத்தில், தம்மினும் இளைஞர் பலரோடு இசைந்து வலித்தார். ஹாலந்தின் எண்மர் படகு முதலில் வந்தது. எண்மர் போட்டியில் அந்நாடு ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுவே முதன்முறை. அவருடைய இரு வெற்றிகளில் எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

கரோலீனுடைய தாய் ஆன்ட்யே ரெஹாக், ஜெர்மன் நாட்டுப் படகு வீராங்கனை. அட்லாண்டாவில் இரண்டாவதாக வந்தது ஜெர்மானியப் படகு என்பதை நினைத்தால் சிறிது புன்னகை வருகிறது. தந்தை வழியில் வெற்றி, தாய்நாட்டின் வழியில் தோல்வி. பிள்ளைகள் யார் பக்கம் கைதட்டியிருப்பார்கள்? அந்தச் சங்கடம் நேரவில்லை. ஏனெனில், பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. கரோலீன் பிறந்தது அதற்கு ஈராண்டுக்குப் பின். அவருடைய தம்பி ஃபின் பிறந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. தந்தை ஒலிம்பிக்கில் வலித்ததை அவ்விருவரும் நேரில் கண்டதில்லை. நான் என் தந்தையார் கரும்பலகையில் எழுதுவதை நாள்தோறும் கண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கோ தந்தையின் புகழ், பிறர் வாயிலாகக் கேட்டறிய வேண்டிய பழங்கதையாக இருந்தது. இவற்றுள் எது கூடுதல் பாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர்களுடைய குடும்பப் பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஃபுளோரைன் என்பது ஒரு பழைய நாணயத்தின் பெயர். இத்தாலியின் ஃபுளோரென்ஸ் நகரத்தார் 1252-இல் வெளியிட்ட பொற்காசிலிருந்து அப்பெயர் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. ஆகவே, பொன் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆயினும் என்ன? நெடிய கைகால்களும் விரிந்த மார்பும் பெற்றோரிடமிருந்து வரக்கூடும். எப்போது உண்பது, எப்போது உறங்குவது, தோற்ற நாளில் எப்படி வீடு திரும்புவது என்பவற்றை வீட்டிலேயே கற்கவும் கூடும். பதக்கத்தை மட்டும் அவ்வாறு பெற முடியாது. தந்தையின் பதக்கத்தைப் படகில் ஏற்றினால் எடைதான் கூடும்.

இதனை அக்காளும் தம்பியும் டோக்கியோவில் உணர்ந்திருப்பர். 2020-இல் நடக்க வேண்டிய அந்த ஒலிம்பிக், கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாக 2021-இல் நடந்தது. ஃபின் ஒற்றையர் படகில் போட்டியிட்டார். ஜூலை 23-ஆம் நாள் முதற்சுற்றில் நான்காவதாக வந்தார். தோற்றவர்களுக்கு அப்போது மறுவாய்ப்புச் சுற்று ஒன்று இருந்தது. அதில் வென்று மேலே செல்லலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கும். அதற்குள் அவருக்கு நோய்த்தொற்று இருப்பது சோதனையில் தெரிந்தது. அத்தோடு போட்டி முடிந்தது. எதிராளியிடம் தோற்றால் ஆறுதல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் தோற்றவன் யாரை நோவான்? இருபத்தோரு வயது இளைஞன் ஒலிம்பிக் வரை சென்று, ஒரே ஒரு முறை வலித்துவிட்டு, தனிமையில் வைக்கப்பட்டான்.

ஐந்து நாள் கழித்து, ஜூலை 28-ஆம் நாள், கரோலீன் நால்வர் படகின் இறுதிப் போட்டியில் மூன்று தோழியரோடு இறங்கினார். ஆஸ்திரேலியப் படகும் ஹாலந்துப் படகும் எல்லைக்கோடு வரை நெருங்கியே சென்றன. முடிவில் ஆஸ்திரேலியா வென்றது. இரண்டு படகுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு முறை கண் இமைப்பதற்கு ஆகும் நேரம் அது. வெள்ளிப் பதக்கம் சிறியதன்று. ஆனால், இமைப்பொழுதில் தங்கம் நழுவிய நினைவு எளிதில் ஆறுவதுமன்று.

அதன்பின் அக்காளும் தம்பியும் எடுத்த வழிகளைப் பாருங்கள். நால்வரோடு வலித்த அக்காள் ஒற்றையர் படகுக்குச் சென்றார். தனியே வலித்த தம்பி நால்வர் படகுக்குச் சென்றார்! ஒற்றையர் படகில் கரோலீன் 2022-இல் செக் நாட்டு ராச்சிட்சே என்னும் ஊரிலும், 2023-இல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலும் உலக வாகை சூடினார். அதே பெல்கிரேடில், ஆளுக்கு இரட்டைத் துடுப்பு வலிக்கும் நால்வர் படகில் ஃபினும் தோழர்களும் உலக வெற்றி பெற்றனர். ஆயினும், உலகப் போட்டி வேறு, ஒலிம்பிக் வேறு. முன்னது ஆண்டுதோறும் வருகிறது. பின்னதில் தவறினால் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். தந்தையோ பார்சிலோனாவில் தவறிய பின் அவ்வாறு காத்திருந்தவர்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் அந்நகருக்குக் கிழக்கே உள்ள வேர்-சூர்-மார்ன் என்னும் இடத்தில் நடந்தன. ஜூலை 31-ஆம் நாள் ஃபினுடைய படகு இத்தாலியையும் போலந்தையும் பின்னே விட்டுத் தங்கம் வென்றது. டோக்கியோவில் மறுவாய்ப்பும் கிட்டாது போனவன் கழுத்தில் பதக்கம் ஏறிற்று. மூன்று நாள் கழித்து அக்காளின் முறை.

அந்தப் போட்டியைத்தான் நான் கண்டேன். கரோலீனுக்கு அடுத்த நீர்வழிகளில் இருந்தவர்களுள் நியூசிலாந்தின் எம்மா ட்விக் ஒருவர். அவர் டோக்கியோவில் இதே போட்டியில் தங்கம் வென்றவர். தந்தையின் பெயர் ஒரு பக்கம். தம்பியின் புதுப் பதக்கம் ஒரு பக்கம். முந்தைய வெற்றியாளர் ஒரு பக்கம். இவ்வளவுக்கும் நடுவே அந்தப் பெண் தனியாக அமர்ந்திருந்தாள். படகில் பேசுவதற்கு யாரும் இல்லை; சுக்கான் பிடித்து வழி சொல்வாரும் இல்லை. துடுப்புகள் மட்டும் ஒரே சீராக எழுந்தும் விழுந்தும் வந்தன. முகத்தில் அவசரம் இல்லை. 7 நிமிடம் 17.28 விநாடியில் எல்லையைக் கடந்தார். ட்விக் ஏறக்குறைய இரண்டு விநாடி பின்னே வந்தார். ஹாலந்து நாட்டுப் பெண் ஒருவர் ஒற்றையர் படகில் ஒலிம்பிக் தங்கம் பெற்றது அதுவே முதன்முறை. ஆடவருள் அப்பேறு பெற்ற அந்நாட்டவர் 1968-இல் மெக்சிகோவில் வென்ற யான் வீனஸே ஆவார். தந்தை இரு முறை தங்கம் பெற்றவரேயாயினும், இரு முறையும் துணையோடு பெற்றவர். தந்தை காணாத நீரில் மகள் சென்று வந்தாள்.

அதே நாளில் அதே நீரில் மற்றொன்றும் நிகழ்ந்தது. எண்மர் படகுப் போட்டியில் பிரிட்டன் தங்கமும் ஹாலந்து வெள்ளியும் பெற்றன. அந்த ஹாலந்துப் படகில் இருந்தவர்களுள் ரால்ஃப் ரீங்க்ஸ் ஒருவர். சியோலில் ரொனால்டோடு வலித்த நிக்கோ ரீங்க்ஸின் மகன் அவர். தாய் ஹாரியட் ஃபான் எட்டெகோவன், 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எண்மர் படகில் வெண்கலம் பெற்றவர். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரே படகில் முன்னும் பின்னுமாக அமர்ந்திருந்த இருவருடைய மக்களும் ஒரே காலையில் பதக்கம் பெற்றனர். நிக்கோ எண்மர் படகில் பெற்றது தங்கம். மகன் பெற்றது வெள்ளி. அவ்வீட்டில் அன்று மாலை யாரேனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்களோ என்று எண்ணிக்கொண்டேன். துடைத்திருந்தால், அது வேறு வகைக் கண்ணீரினால் இருந்திருக்கும்.

ஹாலந்து நாட்டார் படகுப் போட்டியில் முதன்முதல் ஒலிம்பிக் வெற்றி பெற்றதும் பாரிஸில்தான். அது 1900-ஆம் ஆண்டு. போட்டி சேன் ஆற்றில் நடந்தது. பிராண்ட், கிளைன் என்னும் இருவர் படகை வலித்தனர். அவர்களுக்குச் சுக்கான் பிடித்த ப்ரோக்மன் சற்றுக் கனத்த உடம்பினர். பிரெஞ்சுக்காரர்களோ சிறுவர்களை அமர்த்திக்கொண்டு படகின் எடையைக் குறைத்திருந்தனர். இதைக் கண்ட ஹாலந்து வீரர்கள் இறுதிப் போட்டிக்கு முன் அங்கேயே ஒரு பிரெஞ்சுச் சிறுவனைப் பிடித்துப் படகில் ஏற்றினர். மயிரிழையில் வெற்றியும் பெற்றனர். வீரர் இருவரோடும் அச்சிறுவன் இருக்கும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. பத்து வயது மதிக்கலாம். ஒலிம்பிக் வரலாற்றில் மிக இளையவனாக வென்றவன் அவனாகவே இருக்கலாம் என்கின்றனர். போட்டி முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய்விட்டான். ஆராய்ச்சியாளர்கள் பலர் நெடுங்காலமாகத் தேடிவருகின்றனர். அவன் பெயர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்பது இதுவரை உறுதியாக யாருக்கும் தெரியவில்லை.